டர்போ சி++ ஏன் இன்னும் போகவில்லை?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பி.எஸ்சி. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு, பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரி, லேபில் புரோகிராம் எழுதப் பயன்படும் பழைய மென்பொருளான டர்போ சி++இன் அந்த நீல நிறத் திரை, வீட்டுக்கு வந்தால் யூடியூப் பார்த்துப் பைத்தான் மொழி. ‘ஒரு பேப்பரை மாற்ற யார் யார் கையெழுத்துப் போட வேண்டும், ஏன் இத்தனை வருஷம் ஆகிறது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாக இது நடைமுறையைப் பற்றிய கேள்விதான். ஆனால் உள்ளே இருப்பது, இதற்கு யார் பொறுப்பு, நான் போய்ச் சொன்னால் யாராவது காதில் வாங்குவார்களா என்பது. எனக்கு அப்படித்தான் பட்டது, அதனால் இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. 27 வருஷம் கணினி அறிவியல் நடத்தினேன், தமிழ்நாட்டில் ஓர் அரசு உதவிபெறும் கல்லூரியில். பாதி வழியில் அது தன்னாட்சிக் கல்லூரியானது. துறைத்தலைவராக ஆறு வருஷம் பாடத்திட்டக் குழுவை நடத்தியிருக்கிறேன், அதாவது எல்லோரும் ‘போர்டு’ என்று சொல்கிற போர்டு ஆஃப் ஸ்டடீஸ். அதற்கு முன்னால் பல்கலைக்கழகத்தின் போர்டிலும் மூன்று வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே கலை அறிவியல் பக்கம் நான் சொல்வது உள்ளேயிருந்து பார்த்தது. பொறியியலைப் பற்றிச் சொல்வது வெளியிலிருந்து பார்த்தது. மருத்துவம், சட்டம் எல்லாம் தனி உலகம், டெல்லியில் இருக்கும் ஆணையமும் கவுன்சிலும்தான் அங்கே எஜமானர்கள், அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம், பாதை. ஒரு பாடத்தில் மாற்றம் வேண்டும் என்றால் துறை பேசி ஒரு வரைவு தயாரிக்கும். அது பாடத்திட்டக் குழுவுக்குப் போகும். அங்கே நிறைவேறினால் கல்விக்குழு, அதாவது அகாடமிக் கவுன்சில். கவுன்சில் வருஷத்துக்கு ஓரிரு முறைதான் கூடும் என்பதால் பல பல்கலைக்கழகங்களில் நடுவில் ஒரு நிலைக்குழு இருக்கும், அது முன்கூட்டியே பார்த்துத் தள்ளிவிடும். பணம், புதுப் பணியிடம், புதுப் படிப்பு என்று ஏதாவது வந்தால் பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழுவான சிண்டிகேட்டுக்குப் போகும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் 1923ஆம் வருஷச் சட்டத்தை எடுத்துப் பார்த்தால் செனட், சிண்டிகேட், கல்விக்குழு, பாடத்திட்டக் குழுக்கள் என்று இந்த அடுக்கு அப்படியே இருக்கும். பின்னால் வந்த மாநிலப் பல்கலைக்கழகங்களும் பெரும்பாலும் அதே சட்டையைத்தான் கொஞ்சம் தைத்துப் போட்டுக்கொண்டன.

தன்னாட்சிக் கல்லூரி என்றால் இந்த ஏணி கல்லூரிக்குள்ளேயே இருக்கும். 1978இல் லயோலா, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி மாதிரியான கல்லூரிகளுக்கு முதன்முதலாக இந்த உரிமை கிடைத்தது. பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரில், பாடமும் தேர்வும் கல்லூரியின் கையில். பல்கலைக்கழக மானியக் குழுவின், அதாவது யு.ஜி.சி.யின், விதிப்படி அங்கே போர்டின் தலைவர் துறைத்தலைவர். துறை ஆசிரியர்கள், வெளிப் பல்கலைக்கழகத்து நிபுணர்கள் இருவர், துணைவேந்தர் அனுப்புகிற ஒருவர், தொழில்துறையிலிருந்து ஒருவர், நன்றாகப் படித்த பழைய மாணவர் ஒருவர் உறுப்பினர்கள். அந்தப் பழைய மாணவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன். உங்கள் கல்லூரி இணைவுக் கல்லூரி என்பதால் உங்கள் போர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் உங்களுடையதைப் போன்ற வேறு கல்லூரிகளின் ஆசிரியர்கள்தான், டெல்லியிலிருந்தோ சென்னைச் செயலகத்திலிருந்தோ வந்தவர்கள் இல்லை.

பாதையைப் பார்த்தால் மேலே போகப்போக முடிவு கனமாகும் என்று தோன்றும். நான் பார்த்தவரை நேர்மாறு. கல்விக்குழுவில் ஒரே நாளில் இருபது முப்பது துறைகளின் பாடத்திட்டங்கள் வரும். இயற்பியல்காரர் வணிகவியல் சிலபஸில் என்ன கண்டுபிடிக்கப் போகிறார்? கிரெடிட் கூட்டல் சரியா, பேப்பர் கோடு சரியா, எழுத்துப்பிழை உண்டா என்று பார்ப்பார்கள், ‘ஏற்கப்பட்டது’ என்று மினிட்ஸில் ஒரு வரி விழும், மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும். கவுன்சிலில் ஒரு பேப்பரின் உள்ளடக்கத்தைப் பற்றி உருப்படியான வாக்குவாதம் நடந்ததை என் காலத்தில் இரண்டு தடவைதான் பார்த்தேன். நிஜமான முடிவு போர்டு கூட்டத்தில், அதற்கும் முன்னால் துறை ஆசிரியர் அறையில், டீ குடித்துக்கொண்டே எடுக்கப்படுவது. அங்கே உள்ளே வராத ஒன்று மேலே போய் உள்ளே வந்ததாக எனக்கு நினைவில்லை. மேலேயிருந்து உத்தரவாக இறங்கினால் மட்டும் வரும்.

சரி, அப்படியென்றால் ஏன் மாறவில்லை? ‘வயசான வாத்தியார்களுக்குப் புதுசு தெரியாது’ என்றுதான் நீங்கள் நினைத்திருப்பீர்கள், உங்கள் கேள்வியின் தொனியில் அது தெரிகிறது. கொஞ்சம் உண்மை, மறுக்க மாட்டேன். ஆனால் பெரிய காரணம் வேலை நேரம், வொர்க்லோட். எங்கள் கதையைச் சொன்னால் புரியும்.

எங்கள் பி.எஸ்சி.யில் அலைடு பேப்பராக, அதாவது துணைப்பாடமாக, இயற்பியல் இருந்தது, இரண்டு செமஸ்டர், கூடவே லேப். அதை எடுத்துவிட்டுப் புள்ளியியல் வைக்கலாம் என்று துறையில் எல்லோருக்கும் எண்ணம். டேட்டா பக்கம் போகிற பையன்களுக்கு அதுதான் வேண்டும், இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வரைவு எழுதினோம், வெளி நிபுணர்களும் தலையாட்டினார்கள். போர்டுக்கு நான்கு நாள் முன்னால் இயற்பியல் துறைத்தலைவர் என் வீட்டுக்கு வந்தார். இருபது வருஷப் பழக்கம். காபி குடித்துவிட்டு, ‘உங்க சிலபஸ் நல்லாத்தான் இருக்கு சார். ஆனா எங்க டிபார்ட்மெண்ட்ல ஒரு ஆளுக்குச் சம்பளம் நிக்கும்’ என்றார். கணக்கு எளிமையானது. அலைடு தியரி வாரத்துக்கு 4 மணி, லேப் 2 மணி, எங்களுக்கு இரண்டு செக்‌ஷன், ஆக 12 மணி. ஓர் உதவிப் பேராசிரியருக்கு யு.ஜி.சி. சொல்வது வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பு. 12 போனால் முக்கால் ஆள் போன மாதிரி. நிரந்தரப் பணியில் இருப்பவரை யாரும் அனுப்ப முடியாது, ஆனால் நிர்வாகம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற தற்காலிக ஆசிரியை ஒருவர் இருந்தார், கத்தி அவர் கழுத்தில்தான் விழும். அதோடு அடுத்து ஒருவர் ஓய்வுபெற்றால் அந்த இடத்தை நிரப்பக் கேட்கும்போது ‘உங்களுக்குத்தான் மணி நேரமே இல்லையே’ என்று கோப்பு திரும்பி வரும்.

என்ன செய்தோம்? முதல் செமஸ்டர் இயற்பியல், இரண்டாவது செமஸ்டர் புள்ளியியல் என்று பாதிப் பாதியாகப் பிரித்தோம். அதற்கே ஒரு வருஷம் தள்ளிப்போனது. பேப்பரில் பார்த்தால் அபத்தமான கலவை. வெளியாள் ஒருவர் பார்த்து ‘இதில் ஒரு தர்க்கமும் இல்லையே’ என்றால் பதில் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆசிரியையின் வேலை தப்பியது. நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்கு உறுதியாகத் தெரியாது, அந்த இரண்டு மூன்று பேட்ச் பிள்ளைகளுக்கு ஒரு செமஸ்டர் புள்ளியியல் குறைந்துபோனதும் உண்மைதானே. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் சிலபஸில் ‘இது எதுக்கு இங்கே?’ என்று தோன்றும் பேப்பர்களில் பலவற்றுக்குப் பின்னால் இப்படி ஒரு காபி இருக்கும்.

அடுத்த முட்டுக்கட்டை தேர்வு. புதுப் பேப்பர் வைத்தால் வினாத்தாள் எடுக்க வெளியாள் வேண்டும், விடைத்தாள் திருத்த ஆள் வேண்டும், முந்தைய வினாத்தாள் கிடையாது என்று மாணவர்களே முதலில் அழுவார்கள் (ஆமாம், நீங்கள்தான்!). தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் கேட்கும் கேள்விகள் கல்விக்குழு கேட்பதைவிடக் கூர்மையாக இருக்கும்: பழைய பேட்ச் அரியர் வைத்திருப்பவனுக்கு எத்தனை தடவை பழைய சிலபஸில் தேர்வு வைப்பது, அதற்குப் பிறகு அவன் எந்தப் பேப்பரை எழுதுவது, இரண்டும் சமம் என்று யார் சான்று தருவது? இதற்கெல்லாம் பதில் எழுதிக் கொடுத்தால்தான் கோப்பு நகரும்.

இணைவுப் பல்கலைக்கழகத்தில் இதோடு அளவும் சேரும். தன்னாட்சிக் கல்லூரியில் என் துறையில் எட்டுப் பேர், எட்டுப் பேருக்கும் ஒரு கோடை விடுமுறையில் புதுப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். பல்கலைக்கழகம் என்றால் எல்லா இணைவுக் கல்லூரிகளிலும் அதை நடத்த ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாநகரில் இருக்கும் கல்லூரிக்குச் சுலபமானது, இரண்டு ஆசிரியர்களோடு ஓடுகிற ஊர்க் கல்லூரிக்கு மலை. போர்டில் நான் இருந்தபோது அப்படிப்பட்ட கல்லூரியிலிருந்து வந்த ஓர் அம்மா, எந்தப் புதுப் பேப்பர் வந்தாலும் ‘இதை யார் சார் நடத்துறது?’ என்று மட்டும்தான் கேட்பார். முதலில் எரிச்சலாக இருக்கும். போகப்போக, அறையிலேயே நியாயமான கேள்வி அது ஒன்றுதான் என்று தோன்றியது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைவில் 400க்கும் மேற்பட்ட கல்லூரிகள். அதனால்தான் அங்கே துண்டு துண்டாக மாற்றாமல் ரெகுலேஷன் என்று ஒட்டுமொத்தமாக மாற்றுகிறார்கள், 2013, 2017, 2021 என்று நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை. அந்த ஆண்டு சேர்ந்தவனுக்கு அந்த ரெகுலேஷன், படித்து முடிக்கும்வரை.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு கசப்பான செய்தி. மாற்றம் எதுவாக இருந்தாலும் பொதுவாக அடுத்து முதலாம் ஆண்டு சேர்கிறவர்களுக்குத்தான் பொருந்தும். துறை ஆகஸ்டில் பேச ஆரம்பித்து, குளிர்காலத்தில் போர்டு கூடி, மார்ச், ஏப்ரலில் கவுன்சில் ஏற்று, ஜூனில் அமலுக்கு வரும். அதுவும் எல்லாம் சரியாக நடந்தால். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் ஒரு வருஷம் போச்சு. நீங்கள் இன்றைக்குத் தொடங்கி வெற்றி பெற்றாலும் பலன் உங்கள் ஜூனியருக்கு.

‘ஆனால் சார், நான் முதல்வன் வந்தது ஒரே வருஷத்தில் வந்ததே’ என்று கேட்கலாம். சரியான கேள்வி. மேலேயிருந்து வருவது வேகமாக வரும். மாநில அரசின் இந்தத் திறன் பயிற்சித் திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கியது, அடுத்த கல்வியாண்டுக்குள் கல்லூரிகளில் கிரெடிட்டோடு உள்ளே வந்துவிட்டது. அதே காலத்தில் பொறியியல் முதலாமாண்டில் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்று இரண்டு பாடங்கள் சேர்ந்தன. நீங்கள் முணுமுணுத்துக்கொண்டே எழுதுகிற சுற்றுச்சூழல் பேப்பர், அதுவும் எந்தத் துறையும் கேட்டு வந்ததில்லை. 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, பல வருஷம் யாரும் அசையவில்லை, 2003இல் நீதிமன்றம் மறுபடி அதட்டிய பிறகுதான் யு.ஜி.சி. பாடத்திட்டம் எழுதி எல்லா இளநிலைப் படிப்புகளிலும் வைத்தது. இப்படி வரும்போது போர்டும் கவுன்சிலும் நடந்து முடிந்ததற்குப் பின்னேற்பு கொடுக்கும். அவசரம் என்றால் துணைவேந்தரே ஒப்புதல் கொடுத்துவிட்டு அடுத்த கூட்டத்தில் வைப்பார். சட்டப்படி தப்பில்லை. ஆனால் பழக்கமாகிவிட்டால் போர்டு எதற்கு என்ற கேள்வி வரும்.

அந்தக் கேள்வி 2023இல் சத்தமாகவே வந்தது. மாநில உயர்கல்வி மன்றம் தயாரித்த மாதிரிப் பாடத்திட்டத்தைக் கலை அறிவியல் கல்லூரிகள் எல்லாம் பின்பற்ற வேண்டும் என்று சொன்னபோது தன்னாட்சிக் கல்லூரி ஆசிரியர்கள் கொதித்தார்கள், ‘பாடம் எழுதும் உரிமைதானே தன்னாட்சி’ என்று. அப்புறம் தன்னாட்சிக் கல்லூரிகள் விருப்பப்படி செய்யலாம் என்று அமைச்சர் இறங்கி வந்தார். ஒரே மாதிரிப் பாடம் இருந்தால் கல்லூரி மாறும் மாணவருக்கும், அரசு வேலைக்குச் சமநிலைச் சான்று கேட்டு அலைபவருக்கும் நல்லது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாடத்தை எழுதும் மேசையில் நடத்தப்போகிறவர் இல்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு நம் பெரும்பாலான மதிப்புக்கல்விப் பேப்பர்களே சாட்சி.

நீக்குவது இன்னும் வேகம். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் 2017இலிருந்து எம்.ஏ. ஆங்கிலத்தில் நடந்துவந்த அருந்ததி ராயின் நூல் ஒன்றை, ஒரு மாணவர் அமைப்பு புகார் கொடுத்ததும் குழு ஒன்று கூடி 2020 நவம்பரில் எடுத்துவிட்டார்கள். மூன்று வருஷம் வகுப்பில் இருந்த பாடம். சேர்க்கும்போது வொர்க்லோட், தேர்வு, கிரெடிட் என்று நூறு கேள்வி கேட்கிற அமைப்பு, எடுக்கும்போது அவ்வளவு யோசிப்பதில்லை. இது என் கருத்து, வேறு மாதிரி நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் (NAAC) பற்றியும் கேட்டிருந்தீர்கள். தரமதிப்பீட்டில் கடந்த ஐந்து வருஷத்தில் எத்தனை படிப்புகளின் பாடத்திட்டத்தைத் திருத்தினீர்கள் என்று கேட்பார்கள், மாணவர் கருத்து வாங்கினீர்களா என்றும் கேட்பார்கள். இதனால் திருத்தம் அதிகமானது நிச்சயம். தரம் கூடியதா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். மூன்றாம் யூனிட்டைத் தூக்கி நான்காவதாக வைத்துவிட்டு, பேப்பர் பெயருக்கு முன்னால் ‘அட்வான்ஸ்டு’ என்று ஒட்டித் திருத்தம் என்று கணக்குக் காட்டியதைப் பார்த்திருக்கிறேன். நாங்களும் ஒரு தடவை செய்தோம். நிபுணர்களாக வருகிறவர்களில் சிலர் தாங்கள் எழுதிய புத்தகத்தை ரெஃபரன்ஸில் சேர்க்கச் சொல்லிவிட்டு மற்றதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். எல்லோரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஒரு பேராசிரியர் வரைவு முழுவதையும் சிவப்பு மையில் திருத்தி, 45 மணி நேரத்தில் இதை எப்படி முடிப்பீர்கள் என்று யூனிட் யூனிட்டாகக் கேட்டு எங்களை வியர்க்க வைத்தார். அந்தப் பேப்பர்தான் எங்கள் துறையில் நீண்ட காலம் நின்றது.

இப்போது உங்கள் டர்போ சி++. உங்கள் பல்கலைக்கழகத்தின் சிலபஸ் பிடிஎஃப்பைத் திறந்து பாருங்கள். அதில் சி++ என்று இருக்கும். டர்போ என்ற சொல் இருக்காது என்று கிட்டத்தட்ட பந்தயம் கட்டுவேன். டர்போ சி++ என்பது 1990களின் தொடக்கத்தில் போர்லாண்டு நிறுவனம் விற்ற மென்பொருள். சி++ மொழிக்கு முதல் சர்வதேசத் தரநிலை வந்ததே 1998இல்தான். அதனால்தான் ரெக்கார்டு நோட்டில் நீங்கள் எழுதுகிற ஐஓஸ்ட்ரீம் டாட் ஹெச், வாய்டு மெயின் என்ற பழைய பாணி வரிகள் எல்லாம், புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றுகிற இன்றைய கம்பைலரில் போட்டால் திட்டு வாங்கும். ஆனால் இதை மாற்ற போர்டும் வேண்டாம், கவுன்சிலும் வேண்டாம். லேபில் இலவசக் கம்பைலர் ஒன்றை ஏற்றி, இருபது புரோகிராம்களின் முதல் நான்கு வரியைத் திருத்தி, ரெக்கார்டு நோட்டை மறுபடி அச்சடித்தால் போதும். அது துறைத்தலைவர் அதிகாரத்துக்குள் இருக்கிற வேலை. பெரும்பாலும் அதைச் செய்யாமல் இருப்பதற்குக் காரணம், செய்முறைத் தேர்வுக்கு வரும் வெளித்தேர்வாளர் பழைய வடிவத்தை எதிர்பார்ப்பார் என்ற பயம், அப்புறம் லேப் உதவியாளரிடம் இருக்கிற அந்த ஒரே சிடி. உங்கள் கோபத்தில் பாதி சிலபஸ் மேல் போக வேண்டியதில்லை.

மீதிப் பாதிக்கு, பைத்தான் வேண்டும் என்பதற்கு, என்ன செய்யலாம்? ‘சிலபஸ் பழசு’ என்று மனு எழுதாதீர்கள். அது குப்பைக்குப் போகும், நானே போட்டிருக்கிறேன். எந்தப் பேப்பர், அதில் எந்த யூனிட் போகலாம், பதிலுக்கு என்ன, எத்தனை மணி நேரம், எந்தப் புத்தகம், நம் லேபில் இருக்கிற மெஷினில் ஓடுமா என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கட்டாயப் பாடமான கோர் பேப்பரில் கைவைக்கச் சொல்வதைவிட விருப்பப் பாடமான எலக்டிவிலோ திறன்சார் பேப்பரிலோ கேளுங்கள். அங்கே யாருடைய மணி நேரமும் பறிபோகாது, ஒப்புதலும் லேசாகக் கிடைக்கும். பல்கலைக்கழக போர்டில் யார் உறுப்பினர் என்று உங்கள் துறை ஆசிரியர்களைக் கேளுங்கள், பக்கத்துக் கல்லூரியிலேயே ஒருவர் இருப்பார். சில பல்கலைக்கழகங்கள் கல்விக்குழு மினிட்ஸை இணையதளத்தில் போடுகின்றன, போடாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். செமஸ்டர் முடிவில் கொடுக்கிற கருத்துப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் ‘மிக நன்று’ என்று டிக் அடித்துவிட்டு ஓடாதீர்கள். நாக் கோப்பில் போகிற ஆவணம் அது, அறுபது பேர் ஒரே விஷயத்தை எழுதினால் துறைத்தலைவருக்குப் போர்டில் காட்ட ஒரு காகிதம் கிடைக்கும். எனக்கு அப்படி ஒரு காகிதம் கிடைத்திருந்தால் இயற்பியல் விவகாரம் கொஞ்சம் வேறு மாதிரி முடிந்திருக்கலாம்.

தன்னாட்சிக் கல்லூரியில் படிக்கும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தப் பழைய மாணவர் உறுப்பினரைத் தேடுங்கள். வெளி நிபுணர் சொன்னால் ‘பார்க்கலாம்’ என்போம். நாங்களே பாடம் நடத்தி அனுப்பிய பெண் ஒருத்தி வேலைக்குப் போய்த் திரும்பி வந்து, ‘சார், இந்தப் பேப்பரில் நீங்க சொல்லிக்கொடுத்த ஒண்ணுமே அங்க உதவலை’ என்று மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொன்ன அன்றைக்கு எங்கள் யாருக்கும் வாய் எழவில்லை. அந்தப் பேப்பரை அடுத்த ஜூனில் எடுத்துவிட்டோம்.